முதல் டோர்னமென்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம்

கேள்வி: எனக்கு 42 வயது. வங்கியில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் மகளை டென்னிஸ் கோச்சிங்கில் சேர்த்தபோது, வெளியே பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நானும் கற்றுக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில் கிளப் மார்க்கரோடு (மெம்பர்களோடு ஆடுவதற்கென்று கிளப்பில் இருப்பவர்) ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸ். போன வாரம் ஏதோ ஒரு வேகத்தில், பக்கத்து ஊரில் நடக்கும் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஒற்றையர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம்தான் இருக்கிறது. அங்கே செம்மண் கோர்ட். நான் ஆடுவது சிமென்ட் தரையில். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் செகண்ட் சர்வ் காணாமல் போய்விடுகிறது. அம்பயர் கிடையாதாம், நாங்களேதான் அவுட் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். நான் யாரிடமும் வாதாடிப் பழகாதவள். மொத்தமே ஆறு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கல்லூரி நாட்களில் யூனிவர்சிட்டி பிளேயர். மகளும் கணவரும் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் கண்முன்னால் ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றுவிட்டால்? நல்ல ராக்கெட் வாங்கினால் உதவுமா? பேசாமல் பெயரை எடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது.
ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை எடுக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் மீதியை எழுதுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முப்பதிலும் நாற்பதிலும் ராக்கெட் பிடித்தவர்கள் முதல் போட்டியில் தடுமாறினால், ஷாட் சரியில்லாததால் தடுமாறுவது குறைவு. பந்து ஓடாத நேரம்தான் அவர்களைச் சாய்க்கிறது. ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்தது தொடங்க விதிப்படி 25 விநாடி. பக்கம் மாறும்போது 90 விநாடி. கிளப்பில் இந்த நேரத்தைப் பேச்சும் சிரிப்பும் நிரப்பிவிடும். "அடடா, நல்ல ஷாட்" என்பார் ஒருவர், "வெயில் கண்ணுல அடிச்சிருச்சு" என்பார் இன்னொருவர். போட்டியில் எதிரே இருப்பவர் உங்களோடு பேச மாட்டார். அந்த அமைதியில் உங்கள் மனசு பேச ஆரம்பிக்கும். இதற்கு நீங்கள் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். ஃபோர்ஹேண்டை மாற்ற மூன்று வாரம் போதாது. இதற்குப் பழகிக்கொள்ளப் போதும்.

மார்க்கரோடு ஆடுவதிலிருந்து தொடங்கலாம். நல்ல மார்க்கர் என்பவர் உங்கள் இடுப்பு உயரத்துக்கு, நீங்கள் நிற்கிற இடத்துக்கே பந்தைக் கொண்டுவந்து தருபவர். நீங்கள் கோணலாக அடித்தாலும் அவர் ஓடிப்போய் எடுத்து நேராக்கித் திருப்பித் தருவார். இருபது பந்து ராலி போகிறதென்றால் அதில் பாதிக்கு மேல் அவருடைய கைவண்ணம். போட்டியில் எதிரே நிற்பவருக்கு அந்தக் கடமை கிடையாது. பத்து நிமிடத்தில் உங்கள் பேக்ஹேண்ட் எப்படி என்று பார்த்துவிட்டு, அங்கேயே போட்டுக்கொண்டிருப்பார். அதனால் நாளைக்கே உங்கள் மார்க்கரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எனக்கு வசதியாப் போடாதீங்க. பேக்ஹேண்டுக்குப் போடுங்க, தலைக்கு மேல லாப் தூக்குங்க, ஷார்ட்டா விடுங்க. பாயிண்ட் எண்ணி ஆடுவோம்." முதல் தடவை அவர் தயங்குவார். மெம்பர் மனசு நோகக்கூடாது என்பது அவர் பழக்கம். இரண்டாவது தடவையும் சொல்லுங்கள்.

அதோடு, இந்த மூன்று வாரத்தில் மூன்று சிங்கிள்ஸ் மேட்சாவது ஆடியே ஆக வேண்டும். மூன்றும் மூன்று வேறு ஆட்களோடு. வழக்கமாக ஆடாதவர்களாக இருந்தால் நல்லது. கல்லூரிப் பெண் ஒருவர், ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், யாராக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸில் பாதி கோர்ட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். சிங்கிள்ஸில் 27 அடி அகலமும் உங்களுடையது. கால்களுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தோற்றவர் எல்லாருக்கும் காபி வாங்கித் தர வேண்டும் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பணயம் சின்னதாக இருந்தாலும் கை நடுக்கம் வந்துவிடும். அந்த நடுக்கத்தோடு ஆடிப் பார்ப்பதுதான் பயிற்சி. மூன்றில் ஒன்றையாவது செம்மண்ணில் ஆட முடிந்தால் விட்டுவிடாதீர்கள். பந்து கொஞ்சம் மெதுவாக வரும், உயரமாக எழும்பும், கால் வழுக்கும். பழகாதவர்கள் பந்து வருவதற்கு முன்பே ராக்கெட்டை வீசிவிடுவார்கள்.

இனி செகண்ட் சர்வ். அடுத்த முறை அது காணாமல் போகும்போது உங்கள் கையைப் பாருங்கள். முதல் சர்வ் வலையில் விழுந்ததும் விரல்கள் பிடியை இறுக்கியிருக்கும். கட்டைவிரல் நகம் வெளுத்திருக்கும். கை இறுகினால் மணிக்கட்டு சுழலாது. ராக்கெட் பந்தைத் தேய்த்துக்கொண்டு போகாமல் தள்ளிவிடும். தள்ளிய பந்தில் சுழற்சி இருக்காது. சுழற்சி இல்லாத பந்து தானாகக் கீழே இறங்காது. அதனால் மெதுவாக அடித்தும் கோட்டுக்கு வெளியே விழுகிறது. பயந்துபோய் இன்னும் மெதுவாகத் தள்ளினால் வலையில் விழுகிறது. மெதுவாக அடித்தால் பத்திரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். செகண்ட் சர்வில் கை வேகம் குறையவே கூடாது. அந்த வேகம் பந்தை முன்னால் தள்ளுவதற்குப் பதில் சுழற்றுவதற்குப் போக வேண்டும்.

சுத்தியலைப் பிடிப்பதுபோல் ராக்கெட்டைப் பிடித்து சர்வ் செய்யப் பழகியிருந்தால், பந்தின் வலது ஓரத்தைச் சீவிவிடுங்கள். (வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.) தோசைத் திருப்பி பிடிப்பதுபோல் தட்டையாகப் பிடித்தே பழகியிருந்தால், இந்த மூன்று வாரத்தில் அதை மாற்றாதீர்கள். போட்டி முடிந்த மறுநாள் மாற்றலாம். இப்போது மாற்றினால் பழையதும் போய்விடும், புதியதும் வராது. எந்தப் பிடியாக இருந்தாலும் உயரத்தை மட்டும் கூட்டுங்கள். வலை நடுவில் 3 அடி, கம்பத்தருகே 3½ அடி. வலைக்கு மேலே இன்னொரு வலை கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு அதையும் தாண்டி அனுப்புங்கள். இரண்டு சர்வையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பந்து வலையில்தான் விழுகிறது.

இதற்கு ஒரு ஆட்டம் இருக்கிறது. மார்க்கரோடு ஒரு செட் ஆடுங்கள். அதில் உங்களுக்கு முதல் சர்வே கிடையாது, ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரே சர்வ். தவறினால் பாயிண்ட் போச்சு. முதல் நாள் செட் 6-1 என்று போய்விடலாம். ஐந்தாறு நாளில், அந்த ஒரே சர்வ் உள்ளே விழும் என்ற நம்பிக்கை கைக்கு வந்துவிடும். அப்புறம், பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது பத்து செகண்ட் சர்வ் போடுங்கள். ஏழு உள்ளே விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்தப் பத்து சர்வ் போடும்போது மகளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்வைதான் பிரச்சினை என்றால், பார்வையோடுதானே பழக வேண்டும்?

இதில் சின்ன விஷயம் ஒன்று. யாரும் சொல்லித்தராதது, ஆனால் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது. இரண்டாவது பந்தை எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்? நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் பாக்கெட் இல்லாத டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரு பந்தைக் கையில் வைத்து சர்வ் செய்துவிட்டு, அது தவறியதும் வேலியோரமாகக் கிடக்கும் பந்தை எடுக்கப் போகிறார்கள். முதல் சர்வுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி நடை. அந்த நடையில்தான் பயம் ஏறுகிறது. பந்து பாக்கெட்டில் இருந்தால் அடுத்த மூச்சில் எடுத்து சர்வ் செய்துவிடலாம். போட்டிக்குப் போட்டுக்கொள்ளப்போகும் உடையிலேயே பயிற்சிக்கும் வாருங்கள். பந்து உள்ளே போகிறதா, ஓடும்போது தொந்தரவு செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பந்தை மேலே போடும்போது கை நடுங்கிக் கோணலாகப் போய்விட்டால் அடிக்காதீர்கள். பிடித்துக்கொண்டு மறுபடி போடலாம். ராக்கெட்டை வீசாதவரை அது ஃபால்ட் ஆகாது. இது தெரியாமல் கோணல் பந்தைத் துரத்திப்போய் அடித்து டபுள் ஃபால்ட் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். எல்லாம் கைவிட்டுப்போன நாளில், கையைத் தாழ்த்தி கீழிருந்தும் சர்வ் செய்யலாம். விதியில் அதற்குத் தடையே இல்லை. 1989 பிரெஞ்ச் ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், அப்போது உலகின் முதல் நிலை வீரராக இருந்த இவான் லெண்டலுக்கு எதிராக, காலில் தசைப்பிடிப்போடு ஐந்தாவது செட்டில் கீழிருந்து ஒரு சர்வ் போட்டார். அந்தப் பாயிண்டையும் எடுத்தார், மேட்சையும் எடுத்தார், கடைசியில் அந்தப் பட்டத்தையும் எடுத்தார். உங்களுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தாலே கை கொஞ்சம் தளரும்.

பாயிண்ட் முடிந்த உடனே ராக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியில் பிடித்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டபடி பேஸ்லைன் (கோர்ட்டின் பின்கோடு) பக்கம் நடங்கள். தொலைக்காட்சியில் பார்த்தால் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இதைச் செய்வது தெரியும். விரல்களுக்கு இரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். திரும்பி நின்றதும் ஒரு மூச்சு முழுசாக வெளியே விட்டு, பந்தை நான்கு தடவை தட்டுங்கள். மூன்றோ ஐந்தோ உங்கள் விருப்பம், ஆனால் எப்போதும் அதே எண்ணிக்கை. அந்த 25 விநாடிக்குள் செய்வதற்கு ஒரு வேலை இருந்தால் மனசு வேறு எங்கும் ஓடாது.

அவுட் சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது உங்களைப் பயமுறுத்துவது எனக்குப் புரிகிறது. விதி எளிமையானது. வலைக்கு உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் தீர்ப்பு, அவர் பக்கத்துக்கு அவர். கோட்டின் ஓரத்தைத் தொட்டாலும் உள்ளே. சந்தேகம் இருந்தால் தீர்ப்பு எதிராளிக்குச் சாதகமாக. ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸில் "சரியாத் தெரியல, திருப்பி ஆடலாம்" என்று சொல்வோமே, அதற்கு இங்கே இடமில்லை. நீங்கள் பார்க்கவில்லை என்றால் பந்து உள்ளே விழுந்ததாகத்தான் கணக்கு.

வாதாடத் தெரியாதவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவுட் சொல்வது வாதாட்டம் இல்லை. எதிராளி அறுபது எழுபது அடி தள்ளி நிற்கிறார், அந்தக் கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாததை நீங்கள் பார்த்துச் சொல்கிறீர்கள். என்னிடம் பயின்ற ஒரு பெண், உங்களைப்போலவே அமைதியானவர், முதல் மேட்சில் தொண்டைக்குள்ளேயே அவுட் சொன்னார். எதிராளிக்குக் கேட்கவில்லை. இவர் நின்றுவிட்டார், அவர் தொடர்ந்து ஆடினார், பந்து கோர்ட்டின் மூலையில் விழுந்தது. "வின்னர்" என்றார் அவர். "நான் முன்னாடியே அவுட் சொன்னேனே" என்றார் இவர். அதற்குள் இரண்டு பேருக்கும் முகம் சிவந்துவிட்டது. அடுத்த அரைமணி நேரம் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழுந்த பந்தைக்கூட இவர் எடுத்து ஆடினார், மறுபடி சங்கடம் வேண்டாமே என்று. அப்படி அவர் விட்டுக்கொடுத்த பாயிண்ட்கள் ஒரு செட்டுக்குப் போதும். குரல் உயர்ந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பந்து விழுந்த அந்த நொடியிலேயே, ஆள்காட்டி விரலைத் தூக்கி, பக்கத்து கோர்ட்டுக்கும் கேட்கிற மாதிரி "அவுட்". எதிராளி மூத்தவராக இருந்து உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் "அவுட், அக்கா" என்று சொல்லுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சத்தமாக.

செம்மண் கோர்ட் என்பது இதில் உங்களுக்கு வசதி. பந்து தரையில் ஒரு தடம் விட்டுப்போகும். முட்டை வடிவத்தில், போன திசையில் கொஞ்சம் இழுபட்டு இருக்கும். அந்தத் தடத்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே மண் தெரிந்தால் அவுட். தெரியாவிட்டால் உள்ளே. எதிராளி கேட்டால் அந்தத் தடத்தை நீங்கள் காட்ட வேண்டும். கேட்பது அவர் உரிமை, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதேபோல் நீங்களும் கேட்கலாம். கேள்வி வரக்கூடிய பந்தின் தடத்தைக் காலால் அழித்துவிடாதீர்கள். அழித்தவர் அந்தப் பாயிண்டை விட்டுக்கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து கோர்ட்டில் இருந்து பந்து உருண்டு வந்தால் உடனே "லெட்" என்று கையைத் தூக்குங்கள். அந்தப் பாயிண்டை மறுபடி ஆடுவீர்கள். ஷாட்டைத் தவறவிட்ட பிறகு சொன்னால் எடுபடாது.

எதிராளியின் தீர்ப்பு தப்பென்று தோன்றினால் ஒருமுறை கேளுங்கள்: "நிச்சயமாப் பார்த்தீங்களா?" அவர் ஆமாம் என்றால் விட்டுவிடுங்கள். அப்படியே தொடர்ந்தால், மொத்தப் போட்டிக்கும் பொறுப்பான ரெஃபரியைக் கூப்பிடலாம். அவர் வந்து பக்கத்தில் நின்றாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரெஃபரியைக் கூப்பிடுவதைச் சண்டை என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அவர் அதற்காகத்தான் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்கோரும் இப்படித்தான். சர்வ் செய்பவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் முன்னால் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கருத்து வேறுபாடு வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. அவர் 40-30 என்கிறார், நீங்கள் 30-40 என்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் பாயிண்டைத் தவிர மற்றவை யாருக்குப் போயின என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே நினைவு. அப்படியென்றால் ஆளுக்கு இரண்டு பாயிண்ட் உறுதி. 30-30 என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொள்வது நிற்கும், சந்தேகம் மட்டும் கழியும்.

அடுத்து, ஆறு பேர். போட்டி நடத்துபவருக்கு இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். எந்த முறையில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்று செட்டா, எட்டு கேம் ஒரே செட்டா, ட்யூஸ் (40-40) ஆனால் ஒரே பாயிண்டில் முடிக்கிறார்களா, எத்தனை நிமிடம் தாமதமானால் வாக்ஓவர் (ஆடாமலே தோற்றதாகக் கணக்கு). இதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அப்படியே இன்னொன்றும் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: ஆறு பேர்தானே, நாக் அவுட் வைப்பதற்குப் பதில் மூன்று மூன்று பேராக இரண்டு குரூப் வைக்கலாமா? அப்படி வைத்தால் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மேட்ச் கிடைக்கும். பெண்கள் பிரிவில் ஆள் குறைவு என்பது நம் ஊர்களில் தீராத குறை. பஸ் ஏறி வந்து நாற்பது நிமிடம் ஆடித் தோற்றுத் திரும்பிப் போகிறவர் அடுத்த வருடம் பெயர் கொடுப்பதில்லை. அதனால்தான் ஆள் இன்னும் குறைகிறது. நடத்துபவர்களில் பலருக்கு இது தெரியும். யாராவது கேட்டால் சம்மதிப்பார்கள்.

நாக் அவுட் என்றாலும் பயப்பட ஒன்றும் இல்லை. ஆறு பேருக்கு டிரா போட்டால் எட்டு இடம், அதில் இரண்டு பேருக்கு பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்று. சீடிங் (பலமானவர்களை முன்கூட்டியே வரிசைப்படுத்துவது) இருந்தால் அந்த யூனிவர்சிட்டி பிளேயருக்குத்தான் ஒரு பை போகும். அப்படியென்றால் உங்கள் முதல் மேட்ச் உங்களைப்போன்ற ஒருவரோடுதான் இருக்கும். அவரும் இப்போது எங்கோ உட்கார்ந்து இதே கவலையில் இருப்பார். சீட்டுக் குலுக்கிப் போட்டால் யாருக்கு யார் என்று இப்போதே தெரியாது, அதனால் கவலைப்பட்டுப் பலனில்லை.

உங்களைப்போன்றவரோடு ஆடும்போது வேகம் வேண்டாம். பந்தைக் குறுக்காக, மூலைக்கு மூலை அனுப்புங்கள். கோர்ட்டின் நீளம் 78 அடி, குறுக்காகப் போனால் கிட்டத்தட்ட 82½ அடி. பந்து விழுவதற்கு நாலரை அடி கூடுதல் இடம். அதோடு, வலை தாழ்ந்திருக்கும் நடுப்பகுதியின் மேலே போகிறது. நேராகக் கோட்டோரம் அடிப்பது பார்க்க அழகு, ஆனால் வலை அங்கேதான் உயரம், இடமும் குறைவு. பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பவரைக் கட்டை போடுகிறார் என்று கிளப்பில் மட்டமாகப் பேசுவார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடும் போட்டிகளில் பாதிக் கோப்பைகள் அவர்கள் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கின்றன. அது ஒரு திறமை, எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போன நம் ராமநாதன் கிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆட்டத்தின் பலம் வேகத்தில் இருந்ததில்லை, பந்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த கையில் இருந்தது.

யூனிவர்சிட்டி பிளேயரே எதிரில் வந்தால்? அவர் அடிக்கும் வேகத்துக்கு நீங்களும் அடிக்க முயன்றால் மேட்ச் அரைமணியில் முடிந்துவிடும். உயரமாக, ஆழமாக, அவருடைய பேஸ்லைன் பக்கம் தூக்கிப் போடுங்கள். வேகமான பந்துக்குப் பழகியவர்களுக்குத் தோளுக்கு மேலே எழும்பும் மெதுவான பந்து எரிச்சலைத் தரும். நான்கைந்து பந்து ஓடும் ராலிகள் வர ஆரம்பித்தால், ஒரு கேம் எங்காவது வந்துவிடும். வராமலும் போகலாம். 6-0 என்ற ஸ்கோருக்குள் எத்தனை ட்யூஸ் இருந்தது என்பது கோர்ட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மேட்ச் முடிந்ததும் அவரிடம் போய், "என் ஆட்டத்துல எதை முதல்ல சரி பண்ணணும்?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் உங்கள் பந்தை எதிர்கொண்டவர் சொல்லும் பதில், நான் இங்கிருந்து எழுதுவதைவிட மதிப்பு கூடியது.

கேம் போனால் மனசு உடைவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 0-40 என்று ஆகி ஒரு பாயிண்ட்கூட எடுக்காமல் கேம் போனாலும், ஆறு ட்யூஸ் ஆடி இழந்தாலும், போவது ஒரே ஒரு கேம்தான். டென்னிஸ் ஸ்கோரில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் எடுத்தது 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. அதனால் மோசமாகப் போன கேமை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த கேம் 0-0-வில்தான் தொடங்குகிறது. முதல் மூன்று கேம் எப்படியும் உங்களுக்கு நினைவில் இருக்காது. காது அடைத்தமாதிரி இருக்கும், கால் தரையில் படாதமாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். டாஸில் ஜெயித்தால் சர்வ் கேட்காதீர்கள், ரிசீவ் எடுங்கள். கை சூடாவதற்கு ஒரு கேம் கிடைக்கும். முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது உட்கார நேரம் கிடையாது, நேராக அந்தப் பக்கம் போக வேண்டும். தெரியாமல் நாற்காலியைத் தேடாதீர்கள்.

தோற்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். முன்னணியில் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. 5-2 என்று முன்னால் இருப்பவர், இன்னும் ஒரு கேம்தானே என்று பந்தை வெறுமனே உள்ளே வைக்க ஆரம்பிப்பார். ஷாட் குட்டையாக விழும். எதிராளி முன்னால் வந்து அடிப்பார். 5-5 ஆகிவிடும். முன்னால் இருக்கும்போது 5-2-க்கு எது கொண்டுவந்ததோ அதையே செய்துகொண்டிருங்கள். லாப் போட்டு வந்தீர்கள் என்றால் லாப்தான், குறுக்கு பேக்ஹேண்ட் என்றால் அதுதான்.

ராக்கெட்டை மாற்ற வேண்டாம். ராக்கெட்டின் நரம்பு (ஸ்டிரிங்) பழசாகியிருந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் மாற்றிவிட்டு, அதோடு இரண்டு நாள் ஆடிவிடுங்கள். முந்தின நாள் மாற்றாதீர்கள். முடிந்தால் கிட்டத்தட்ட அதே எடையில் இன்னொரு ராக்கெட்டை யாரிடமாவது இரவல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நரம்பு அறுந்தால் உதவும். ஷூ அன்றைக்குப் புதிதாகப் போடக்கூடாது. அடிப்பாகத்தில் நெளிநெளியான வரி இருக்கும் ஷூ செம்மண்ணில் நன்றாகப் பிடிக்கும். ஆடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி. தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ ஒரு பாட்டில் வேண்டும். ஐஸ் வைத்துச் சுருட்டிய துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், பக்கம் மாறும்போது கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அதில் யோசிக்கவே கூடாது.

வார்ம் அப் ஐந்து நிமிடம். அதில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எதிராளிக்கு ஆடும்படியாகப் போடுங்கள், அவரும் அப்படியே செய்வார். இரண்டு வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது), இரண்டு லாப், நாலு சர்வ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு சர்வ் போட்டுப் பார்க்காமலே மேட்ச் தொடங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவருடைய பேக்ஹேண்ட் எப்படி என்று அப்போதே பார்த்துவிடுங்கள், அவர் உங்களுடையதைப் பார்க்கத்தான் செய்வார்.

மகளும் கணவரும் வரட்டும். நான்கு வருடத்துக்கு முன் மகளுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தவர் நீங்கள். இப்போது அவளுடைய முறை. அவள் அதை ஆசையோடு செய்வாள் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் பந்து விழும்போது வேலிக்கு வெளியே இருந்து "அவுட்மா!" என்று கத்தக்கூடாது. அது செல்லாது, எதிராளிக்கும் எரிச்சல் வரும். கை தட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.